போட்ட பாட்ச் ஓடுகிறதா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. சேர்வரை விழுத்தக்கூடிய ஓட்டை (சேவை மறுப்பு ஓட்டை) இருக்கிறதாம், பாட்ச், அதாவது அதை அடைக்கும் திருத்தம், போடவேண்டுமாம், போட்டால் சரியா, போடாவிட்டால் என்ன என்று. அதனால் பிரின்டர், ஃபோன் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதைப் பற்றியே கதைக்கிறேன்.

கேள்வி: நான் ஒரு ரியூட்டரியில் கணினிப் பகுதியைப் பார்க்கிறேன். எங்கள் சேர்வரில் இருப்பது உபுண்டு 20.04 என்ற லினக்ஸ். நாலைந்து வருடமாக அதில் யாரும் கை வைக்கவில்லை. போன கிழமை ஸ்கான் செய்தபோது சிஸ்டம்டீயில் சேவை மறுப்பு ஓட்டை, அதன் பொது இலக்கம் சிவிஈ-2021-33910 என்று சிவப்பில் காட்டியது. அப்டேட் போட்டேன், பிழை எதுவும் வரவில்லை. ஆனால் வேர்ஷன் இப்போதும் 245 என்றுதான் இருக்கிறது. 249.1 வேண்டும் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதே, நானே மூலநிரலை எடுத்துக் கட்டி ஏற்றவா?
– வாசகர், கொக்குவில்

பதில்: வேண்டாம் தம்பி. மெஷினை எழுப்பிவிடும் சிஸ்டம்டீயை நீங்களே கட்டி ஏற்றினால் இப்போது இருக்கிற கரைச்சலைவிடப் பெரிய கரைச்சலில் மாட்டுவீர்கள், மெஷின் திரும்ப எழும்பாமலே போகலாம்.

உபுண்டுக்காரரும் டெபியன்காரரும் ஒரு வெளியீட்டைத் தொடங்கும்போது எந்த வேர்ஷனை எடுத்தார்களோ அதைத்தான் கடைசிவரை வைத்திருப்பார்கள். நடுவில் ஓட்டை வந்தால் புது வேர்ஷனில் உள்ள திருத்த வரிகளை மட்டும் எடுத்துப் பழைய வேர்ஷனில் தைத்துவிடுவார்கள். ஆகவே 245 என்பது மாறாது. அதற்குப் பின்னால் ஒரு கோடு போட்டு உபுண்டு என்று எழுதி இன்னும் சில எண்கள் வருமே, அந்த வாலைப் பாருங்கள், அதுதான் மாறியிருக்கும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் மென்பொருள் ஏற்றும் ஆப்ட் கொமாண்டில் சிஸ்டம்டீயின் சேஞ்ச்லொக்கை, அதாவது மாற்றப் பட்டியலை, கேளுங்கள், அதற்குள் 33910 என்ற எண்ணைத் தேடுங்கள். எண் அங்கே இருந்தால் திருத்தம் உங்கள் டிஸ்கில் இருக்கிறது. ஸ்கான் செய்யும் மென்பொருள்களில் பல முன்பக்க எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கத்தும்.

ஓட்டை என்னவென்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் இடத்துக்கு அது நேரடியாகப் பொருந்துகிறது. லினக்ஸ் எழும்பியதும் முதலாவதாக ஓடத் தொடங்கும் புரொசெஸ் சிஸ்டம்டீதான், அதன் இலக்கம் 1. எந்த டிஸ்க் எந்தக் கோப்புறையில் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதை அது எந்நேரமும் கவனித்துக்கொண்டிருக்கும். புதிதாக ஒன்று ஏற்றப்பட்டால் அந்தக் கோப்புறையின் முழுப் பாதையையும் ஒரு பிரதி எடுத்துத் தனக்குத் தெரிந்த பெயராக மாற்றும். அந்தப் பிரதியை எடுத்த இடத்தில்தான் பிழை. பாதை எவ்வளவு நீளம் என்று பாராமல் ஸ்டாக் என்ற சின்ன நினைவகப் பகுதிக்குள் அதைக் கொட்டியது. ஸ்டாக்கின் வழக்கமான எல்லை 8 மெகாபைட். கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் கோப்புறை என்று தோண்டிக்கொண்டே போய் 8 மெகாபைட்டைத் தாண்டும் பாதை ஒன்றை உருவாக்கி, அங்கே ஒரு கோப்பு முறைமையை ஏற்றினால் சிஸ்டம்டீ விழும். இலக்கம் 1 விழுந்தால் மெஷின் முழுவதுமே நின்றுவிடும். 2015இல் வந்த 220ஆம் வேர்ஷனில் புகுந்த பிழை இது. குவாலிஸ் நிறுவனத்தார் 2021 ஜூலை 20இல் வெளியிட்டார்கள். ஆறு வருடம் உலகத்தின் பெரும்பாலான லினக்ஸ் சேர்வர்களுக்குள் ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. திருத்தமோ சில வரிகள்தான், ஸ்டாக்கில் எடுத்த பிரதியை ஹீப் என்ற பெரிய பகுதியில் எடு, இடமில்லாவிட்டால் விழாமல் பிழை என்று சொல்லித் திரும்பு, அவ்வளவுதான்.

இந்த ஓட்டையை உள்ளூர் ஓட்டை என்று வகைப்படுத்துவார்கள். உள்ளூர் என்றால் கொக்குவிலில் இருப்பவர் என்று அர்த்தமில்லை, அந்த மெஷினில் ஏதோ ஒரு எக்கவுண்டில் நுழையக்கூடியவர் என்று அர்த்தம். உயர்தரப் பிள்ளைகளுக்குப் பைதன் பழகச் சேர்வரில் எக்கவுண்ட் கொடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் அறுபது பிள்ளைகளும் உள்ளூர்தான். ரூட் அனுமதி, அதாவது நிர்வாகி அனுமதி, எதுவும் தேவையில்லை, ஒரு பிள்ளை விளையாட்டாகச் செய்தாலே போதும். எக்கவுண்ட் எவருக்கும் கொடுக்காத மெஷினிலும், இணையத்தளத்தின் ஏதாவது ஒரு ஓட்டை வழியாக உள்ளே வந்தவன் அதே இடத்துக்கு வந்து சேருவான்.

இப்போது உங்கள் கடிதத்தில் இல்லாத கேள்விக்கு வருகிறேன். பாட்ச் டிஸ்கில் இருக்கிறது, சரி. ஆனால் ஓடுவது எது? மெஷின் எழும்பியபோது நினைவகத்துக்கு ஏறிய பழைய சிஸ்டம்டீ, நீங்கள் டிஸ்கில் கோப்பை மாற்றியதும் தானாக மாறிவிடாது. சிஸ்டம்டீயைப் பொறுத்தவரை பக்கேஜை ஏற்றும்போதே ‘டீமன்-ரீஎக்ஸெக்’ என்ற கொமாண்டை அது தானே ஓட்டும். அதாவது இலக்கம் 1 தன் கணக்கு வழக்கை எழுதிவைத்துவிட்டு, மற்ற எதையும் நிறுத்தாமல் தன்னைப் புதிய கோப்பில் இருந்து மறுபடி தொடங்கும். நடந்ததா என்று நீங்களே பார்க்கலாம். ‘புரொக்’ கோப்புறைக்குள் ‘1’ என்று ஒரு கோப்புறை, அதற்குள் ‘எக்ஸி’ என்று ஒரு இணைப்பு இருக்கும். ரூட்டாக நின்று அது எங்கே போகிறது என்று பட்டியலிட்டுப் பாருங்கள். வரியின் கடைசியில் ‘டிலீட்டட்’ என்று வந்தால், அழிக்கப்பட்ட பழைய கோப்புத்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வராவிட்டால் நிம்மதியாகப் போய்ச் சாப்பிடுங்கள்.

இன்னொன்று. 20.04க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. 2021இன் திருத்தம் உங்களுக்குக் கிடைத்தது அது அப்போதே வெளிவந்து இருப்பில் இருந்ததால்தான், இனி வரும் ஓட்டைகளுக்குச் சும்மா அப்டேட் போட்டால் எதுவும் வராது. அதற்குப் பிறகும் திருத்தம் தரும் உபுண்டு புரோ ஐந்து மெஷின்வரை இலவசம், இன்றைக்கே பதிந்துகொள்ளுங்கள். வருகிற பாடசாலை விடுமுறையில் புது வெளியீட்டுக்கு மாறுங்கள்.

கேள்வி: நான் தகவல் தொழில்நுட்பப் பாடம் படிப்பிக்கிறேன். சேவை மறுப்புத் தாக்குதல் என்றால் ஆயிரக்கணக்கான கணினிகள் சேர்ந்து ஒரு சேர்வரை அடிப்பது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறேன். பாட்ச் போட்டால் அது எப்படி நிற்கும்?
– ஆசிரியை, மானிப்பாய்

பதில்: நீங்கள் சொல்லிக்கொடுப்பது ஒரு பாதி, ரீச்சர். வெள்ளமாக வரும் தாக்குதலுக்குப் பாட்ச் மருந்தில்லை, அதை உங்களுக்கு இன்ரநெற் தருகிற நிறுவனம்தான் மறிக்கவேண்டும். மற்றப் பாதி பிழையால் வருவது, அதற்குக் கூட்டம் தேவையில்லை. 2015 ஜூலையில் பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளில் (தளத்தின் பெயரைக் கேட்டால் முகவரியைச் சொல்வது) ஒரு பிழை தெரியவந்தது, டிகீ என்ற வகைக் கேள்வி ஒன்றைக் குறிப்பிட்ட விதமாக எழுதி ஒரேயொரு பக்கெற், அதாவது ஒரு தரவுப் பொதி, அனுப்பினால் மென்பொருள் தானே நின்றுவிடும். 2024 பெப்ரவரியில் வெளிவந்த கீட்ராப் என்ற டிஎன்எஸ் ஓட்டை இன்னும் மோசம், ஜேர்மனியில் ஏதீன் ஆய்வு மையத்தினர் கண்டுபிடித்தது. அங்கேயும் ஒரு பக்கெற்றுக்கு வரும் பதிலைச் சரிபார்க்கப் போன சேர்வர் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும், பைண்டில் 16 மணித்தியாலம்வரை மற்ற எவருக்கும் பதில் சொல்லாமல் இருந்ததாக அளந்து காட்டினார்கள். அதன் வேர் 1999இல் எழுதிய தரநிலையிலேயே இருந்திருக்கிறது. படலையில் ஆயிரம் பேர் வந்து நெரித்தால் அது வெள்ளம், படலையின் பிணைச்சலே உடைந்திருந்தால் ஒரு ஆள் தொட்டாலே விழும் என்று சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

கேள்வி: எங்கள் அலுவலகச் சேர்வர் 412 நாளாக ஒருமுறையும் நிற்காமல் ஓடுகிறது. அப்டேட்டுகளை மாதாமாதம் போடுகிறேன், ரீபூட் மட்டும் செய்வதில்லை. சேவை மறுப்பு ஓட்டை என்றால் எவரும் தரவைத் திருடப்போவதில்லையே, ஆறுதலாகப் பார்க்கலாம்தானே?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: நான் உங்களோடு முழுக்க மாறுபடுகிறேன், அதற்கு என் சொந்தக் காரணம் இருக்கிறது.

2019 ஜூன் 17இல் சாக் பானிக் என்று ஒரு சேவை மறுப்பு ஓட்டை வெளிவந்தது, நெற்ஃபிளிக்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த ஜொனதன் லூனி கண்டுபிடித்தது. இன்ரநெற்றில் தரவைத் துண்டு துண்டாக அனுப்பும் டிசிபி முறையில் எந்தத் துண்டு வந்து சேர்ந்தது, எது வரவில்லை என்று சொல்லும் சாக் என்ற ஏற்பாடு இருக்கிறது. துண்டுகளை மிகச் சிறியதாக வைத்துக் குறிப்பிட்ட ஒழுங்கில் சாக் அனுப்பினால், லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலுக்குள் 16 பிட் எண் ஒன்று நிரம்பி வழியும், கேர்னல் பதறி அப்படியே நிற்கும். எக்கவுண்ட் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், இன்ரநெற்றில் திறந்திருக்கும் ஒரு போர்ட் போதும். 2.6.29 கேர்னலில் இருந்து, அதாவது 2009இல் இருந்து எல்லாவற்றிலும் அந்தப் பிழை இருந்தது.

அப்போது நான் யாழ் நகரில் ஒரு அலுவலகத்தின் சேர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிழமையே கேர்னல் அப்டேட் போட்டேன். ரீபூட் செய்யவில்லை, பழைய மெஷின், எழும்பாவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பிறகு செய்யலாம் என்று விட்டது அப்படியே மறந்துபோனது. செப்ரெம்பரில் ஒருநாள் விடியப்புறம் கறண்ட் போய், யூபிஎஸ் பற்றரியும் இறங்கி, மெஷின் தானாக நின்றது. கறண்ட் வந்தபிறகும் இணையத்தளம் வரவில்லை என்று ஏழரைக்கு ஃபோன் வந்தது. ஓடிப்போய்த் திரையைப் பார்த்தால், ஒரு டிஸ்குக்காக 1 நிமிடம் 30 விநாடி காத்திருந்துவிட்டு, அவசர நிலைக்குப் போய் ரூட் கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நிற்கிறது. முந்தின வருடம் கழற்றி எடுத்த பக்கப் டிஸ்கின் வரியை, எழும்பும்போது ஏற்றவேண்டிய டிஸ்குகளின் பட்டியலான எஃப்எஸ்டாப் கோப்பில் இருந்து எவரும் அழிக்கவில்லை. அந்த ஒரு வரியை அழித்ததும் மெஷின் எழும்பியது. அதற்குள் பத்து மணி, வெளியே வாங்கிலும் படியிலும் சனம். காரைநகரில் இருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஒரு அம்மா கையில் விண்ணப்பத்தோடு இரண்டரை மணித்தியாலம் இருந்தார். அன்றைக்கு எவருடைய தரவும் திருட்டுப் போகவில்லை. அந்த அம்மாவிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

பழைய லொக்கைப் புரட்டியபோதுதான் மற்றதும் தெரிந்தது. ஜூனில் இருந்து அந்தக் காலைவரை ஓடியது பழைய கேர்னல். மூன்று மாதமாகப் பாட்ச் டிஸ்கில் தூங்கியிருக்கிறது, மாத அறிக்கையில் நான் ‘திருத்தப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன்.

உங்கள் 412 நாளும் அப்படித்தான். ஓடும் கேர்னலின் வேர்ஷனை ‘யூநேம்’ கொமாண்ட் சொல்லும், பூட் கோப்புறையில் கடைசியாக வந்திருப்பது எது என்பதோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். லைவ்பாட்ச் வைத்திருக்கிறேன் என்றால் சில முக்கியமான கேர்னல் ஓட்டைகளை அது ஓட்டத்திலேயே அடைக்கும், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. ரீபூட் செய்யும் நாளை நீங்களே தெரிவுசெய்யுங்கள். பக்கப் எடுத்து, எஃப்எஸ்டாப்பை வரி வரியாக வாசித்து, மெஷினுக்குப் பக்கத்தில் திரையும் கீபோர்டுமாக நின்று செய்யுங்கள். நீங்கள் தெரிவுசெய்யாவிட்டால் மின்சாரம் தெரிவுசெய்யும்.

கேள்வி: கனடா, லண்டனில் உள்ளவர்கள் ஓடர் செய்ய, இங்கே வீட்டாருக்குச் சாமான் கொடுக்கிற கடை எங்களுடையது. இணையத்தளம் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சேர்வர் மென்பொருளில் ஓடுகிறது. எச்டிடிபி-2 ஆபத்து, அதை நிறுத்திவிடு என்று தெரிந்த ஒருவர் சொல்கிறார். நிறுத்தவா? அப்டேட் போடுவதென்றால் நடுச்சாமத்தில் போடுவது நல்லதா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: அவர் சொல்வது 2023 ஒக்ரோபர் 10இல் வெளிவந்த ரப்பிட் ரீசெற் என்ற தாக்குதல் பற்றி. எச்டிடிபி-2 என்பது பிரவுசரும் சேர்வரும் பேசிக்கொள்ளும் முறை. ஆஸ்பத்திரி கிளினிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கில் ஒரு நேரத்தில் நூறு பேருக்குமேல் இருக்கக்கூடாது என்று விதி. ஒருவர் துண்டு எடுக்கிறார், உள்ளே ஒருவர் அவருடைய கோப்பைத் தேடப் போகிறார், உடனே துண்டை எடுத்தவர் ‘வேண்டாம்’ என்று எழும்பிப் போய்விடுகிறார். வாங்கில் இடம் இருக்கிறது, ஆகவே அடுத்த துண்டு, அடுத்த கோப்பு. விதி ஒருதரமும் மீறப்படவில்லை, ஆனால் உள்ளே கோப்புத் தேடுபவர் செத்துப்போவார். எச்டிடிபி-2இல் கோரிக்கையை அனுப்பி அடுத்த கணமே ரத்துச் செய்தால் எண்ணிக்கை எல்லைக்குள் அது வராது, சேர்வருக்கோ வேலை தொடங்கிவிட்டது. கூகுள் விநாடிக்கு 398 மில்லியன் கோரிக்கை, அதாவது ஏறக்குறைய 40 கோடி வந்ததாகச் சொன்னது. கிளவுட்ஃபிளேர் கண்ட 201 மில்லியனுக்குச் சுமார் 20,000 மெஷின்களே போதுமாக இருந்தன.

நிறுத்தத் தேவையில்லை. என்ஜின்எக்ஸில் ஒரு இணைப்புக்கு ஆயிரம் கோரிக்கை, ஒரே நேரத்தில் 128 ஸ்ட்ரீம் (நடந்துகொண்டிருக்கும் கோரிக்கை) என்று இயல்பாகவே எல்லை உண்டு, ஆயிரத்தை அடைந்தால் இணைப்பையே வெட்டிவிடும். வேகம் கூடும் என்று எவராவது அந்த ஆயிரத்தை, அதாவது ‘கீப்அலைவ் ரிக்வெஸ்ட்ஸ்’ எண்ணை, லட்சக்கணக்கில் ஏற்றியிருந்தால் அதை முதலில் இறக்குங்கள், ஆபத்து அங்கேதான். பிறகு பக்கேஜை அப்டேட் செய்யுங்கள், என்ஜின்எக்ஸ் தரப்பில் 1.25.3இல் மேலதிகக் காவலும் சேர்ந்தது. அப்டேட் முடிந்ததும் ‘ரீலோட்’ மட்டும் போட்டுவிட்டு எழும்பிவிடாதீர்கள். ரீலோட் அமைப்புக் கோப்பைத்தான் புதிதாக வாசிக்கும், மேலே நிற்கும் தலைமைப் புரொசெஸ் பழையதாகவே இருக்கும். ‘ரீஸ்ரார்ட்’ வேண்டும்.

நேரம் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. எங்களுக்கு நடுச்சாமம் 12 மணி என்றால் லண்டனில் மாலை ஆறரை அல்லது ஏழரை, ரொறன்ரோவில் பிற்பகல். உங்களுடைய வாடிக்கையாளர் வேலை முடிந்து வந்து அம்மாவுக்குச் சாமான் ஓடர் செய்கிற நேரத்தில் கடையைச் சாத்துவீர்களா? காலை பத்து மணிக்குச் செய்யுங்கள். அப்போது லண்டனில் அதிகாலை நாலரை அல்லது ஐந்தரை, ரொறன்ரோவில் நடுச்சாமம், நீங்களும் நித்திரைக் கண்ணோடு கொமாண்ட் அடிக்கத் தேவையில்லை.

கேள்வி: தானாகவே பாதுகாப்பு அப்டேட் போடும் வசதியை இயக்கிவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையா? நடுவில் கறண்ட் போனால்?
– வாசகி, பருத்தித்துறை

பதில்: இயக்கிவிடுங்கள் தங்கச்சி, ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’ நல்ல ஏற்பாடு. ஆனால் அது இயல்பாக ரீபூட் செய்யாது, தேவை என்று ஒரு குறிப்பை மட்டும் வைத்துவிட்டுப் போகும். ‘வார்’ கோப்புறைக்குள் ‘ரன்’, அதற்குள் ‘ரீபூட்-ரிக்வயர்ட்’ என்று ஒரு கோப்பு வந்திருந்தால் மெஷின் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். கிழமைக்கு ஒருதரம் அதைப் பாருங்கள், கூடவே ‘நீட்ரீஸ்ரார்ட்’டையும் ஓட்டுங்கள், எந்தச் சேவை பழைய நூலகக் கோப்பில் ஓடுகிறது என்று பெயர் பெயராகச் சொல்லும். இன்னொரு விஷயம், உபுண்டுவில் இது காலை ஆறு மணியை ஒட்டி ஓடும்படி வைத்திருக்கிறார்கள், உங்கள் சேர்வரின் கடிகாரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தால் அந்த ஆறு மணி எங்களுக்கு முற்பகல் பதினொன்றரை. வேலை மும்முரமான நேரம் அதுவென்றால் மாற்றிவையுங்கள்.

கறண்ட் நடுவில் போனால் பக்கேஜ் பாதியில் நிற்கும். எழும்பியதும் பக்கேஜ்களை ஏற்றும் டிபிகேஜி கொமாண்டுக்கு ‘கொன்ஃபிகர்’, ‘ஏ’ என்று கொடுத்தால் விட்ட இடத்தில் இருந்து பெரும்பாலும் முடித்துவிடும். யூபிஎஸ்ஸில் எத்தனை நிமிடம் தாங்கும் என்று பிளக்கைக் கழற்றி ஒருதரம் அளந்துவையுங்கள், பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பவேண்டாம். அளக்கிறபோது சேர்வரை அதில் வைக்காமல், அதேயளவு மின் குடிக்கும் வேறு எதையாவது கொழுவி அளவுங்கள்.

கேள்வி: திருநெல்வேலியில் படிக்கும் மாணவன். ஒரு ஓட்டைக்கான நிரல் கிடைத்தது. தெரிந்த நிறுவனம் ஒன்றின் சேர்வரில் ஓட்டிப் பார்த்து, விழுந்தால் அவர்களுக்குச் சொல்லி உதவலாம் என்று நினைக்கிறேன். சரியா?

பதில்: சரியில்லை தம்பி, செய்யவேண்டாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இங்கே இருக்கிறது. அனுமதி இல்லாமல் இன்னொருவரின் கணினியைப் பாதித்தால் நல்ல நோக்கம் உங்களைக் காப்பாற்றாது. அவர்களுடைய வேர்ஷன் பழையது என்று வெளியில் இருந்தே தெரிந்தால் விழுத்தாமல் எழுதிச் சொல்லுங்கள், பதில் இல்லாவிட்டால் கணினிப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் அமைப்புக்கு அறிவியுங்கள்.

ஆனால் ஆர்வத்தை விடவேண்டாம். உங்கள் லாப்டொப்பில் வேர்ச்சுவல் மெஷின் ஒன்றைப் பழைய கேர்னலோடு போட்டு, ஸ்னாப்ஷொட் எடுத்துவிட்டு, இன்ரநெற் இணைப்பை வெட்டிய பிறகு அதில் ஓட்டுங்கள். முதலில் பாட்ச் இல்லாமல், பிறகு பாட்ச் போட்டு ரீபூட் செய்யாமல், பிறகு ரீபூட் செய்து என்று மூன்று தரம். ஒவ்வொரு தரமும் திரையில் வந்த கடைசி வரிகளைப் படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த இதழில் சாவகச்சேரிக்காரருக்குப் பக்கத்தில் போடுகிறேன்.